எழுபது பிள்ளைகள்... ஒரே ஒரு தொண்டை!

அந்த அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்ததும் வாயைத் திறக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். 'மூன்று நாளாகப் பேச்சு வரவில்லை. திங்கட்கிழமை காலாண்டுத் தேர்வு. இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது. அதற்குள் சரியாக வேண்டும்' என்று குண்டு குண்டான, வரி பிசகாத கையெழுத்து. கரும்பலகையில் எழுதிப் பழகிய கை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கூட வந்த கணவர் சிரித்துக்கொண்டே, "வீட்ல மூணு நாளா ஒரே அமைதி டாக்டர். மெதுவாவே வைத்தியம் பண்ணுங்க!" என்றார். நானும் சிரித்தேன். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அவர் கணக்கு டீச்சர். வயது நாற்பத்து மூன்று. அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர். நாடி பார்த்தேன். தொண்டையைப் பார்த்தேன். உள்ளே சிவந்திருந்தது, வறண்டிருந்தது. தாளிசாதி சூரணம் தேனில், அதிமதுர சூரணம் பாலில், ஆடாதோடை மணப்பாகு, ஐந்து நாள் பேச்சைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். குரல் வந்தது. தேர்வும் நடந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். அப்புறம் அக்டோபர் கடைசியில். அப்புறம் நவம்பரில். ஒவ்வொரு தடவையும் நான் அதே மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கொடுத்தேன். அவரும் பொறுமையாகச் சாப்பிட்டார். ஒரு விஷயம் மட்டும் அவர் தானாகவே சொன்னார். "திங்கக்கெழமை நல்லா இருக்கு டாக்டர். புதன், வியாழன் ஆனா கட்டிக்குது. காலாண்டு லீவுல பத்து நாளும் மணி மாதிரி இருந்துச்சு."

திங்கட்கிழமை நன்றாக இருந்து வியாழக்கிழமை கட்டிக்கொள்கிற தொண்டைக்குக் கபம் மட்டும் எப்படிக் காரணமாக இருக்கும்? கபத்துக்குப் பள்ளிக்கூட டைம்டேபிளா தெரியும்? இதை நான் இரண்டாவது தடவையே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் தப்புதான்.

'சார், கேக்கலை!'

டெங்குக் காய்ச்சல் பரவுகிற மழைக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் நிலவேம்புக் குடிநீர் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். அந்த நவம்பரில் டீச்சரின் பள்ளிக்கே அப்படிப் போக நேர்ந்தது. குடிநீர் கொடுத்த கையோடு, "பத்தாம் வகுப்புக்குக் கொசு பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க டாக்டர்" என்றார் தலைமை ஆசிரியர்.

வகுப்புக்குள் நுழைந்தேன். இருபதுக்கு இருபது அடி அறை. எண்ணிப் பார்த்தேன், எழுபத்திரண்டு பேர்! நாலு பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் ஆறு பேர். கரும்பலகைக்குக் கீழே சிமெண்ட் தரையில் எட்டுப் பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் நிற்பதற்கு இரண்டடி இடம். மேலே இரண்டு மின்விசிறிகள் கடகடவென்று மாட்டு வண்டி மாதிரி ஓடின. ஜன்னலுக்கு வெளியே பஸ் போகிற ரோடு.

முதல் வாக்கியம் முடிவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், கேக்கலை!" என்றான். குரலை உயர்த்தினேன். பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆனால் எழுபது பேர் சும்மா நோட்டுப் புரட்டினாலே அது ஒரு சத்தம்தானே? இன்னும் உயர்த்தினேன். பதினைந்து நிமிடத்தில் எனக்கு நாக்கு வறண்டு, தொண்டையில் முள் குத்துகிற மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்து ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தேன். டீச்சருக்கு இது ஒரு நாளைக்கு ஆறு பீரியட்.

"நீங்க தண்ணி குடிக்கலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, கம்மிய குரலில் சொன்னார்: "தண்ணி குடிச்சா... போகணுமே டாக்டர்."

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. பெண் ஆசிரியைகள் பதினான்கு பேர். அவர்களுக்குக் கழிப்பறை இரண்டு, அதுவும் மைதானத்தின் கோடியில். எழுபத்திரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்வர முடியாது. பக்கத்து வகுப்பு டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றால் அவர் வகுப்பிலும் அறுபத்தைந்து. அதனால் காலை ஏழரைக்கு ஒரு காபி, மத்தியானச் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர், சாயங்காலம் வீடு வந்ததும்தான் அடுத்தது. பதினெட்டு வருஷமாக இப்படியேதானாம்! வருஷத்துக்கு இரண்டு, மூன்று தடவை நீர்க்கடுப்பு வரும் என்றும், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நானும் கேட்கவில்லை.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவம் படிக்கிற மாணவன் முதல் வருஷத்திலேயே மனப்பாடம் செய்வது 'பதினான்கு வேகங்கள்'. கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். உடம்பு தானாக எழுப்புகிற இந்த உந்துதல்களை அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் வரும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. நாங்கள் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். தாகத்தையும் சிறுநீரையும் தினம் எட்டு மணி நேரம் ஒன்றாக அடக்குகிற ஒரு தொழில் உண்டு என்று எங்களுக்குச் சொல்லித்தந்த ஆசிரியர்களுமே அதைச் செய்துகொண்டுதான் இருந்திருப்பார்கள்!

பேச்சை நடத்துவது உதானன் என்கிற மேல்நோக்குங்கால் என்போம். நவீன மருத்துவம் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. தொண்டைக்குள் குரல் நாண்கள் இரண்டு. பேசும்போது ஆண்களுக்கு வினாடிக்குச் சுமார் 100 முதல் 125 தடவை, பெண்களுக்குச் சுமார் 200 தடவை இவை ஒன்றோடொன்று மோதுகின்றன. வினாடிக்கு! ஈரப்பசை இருந்தால் வழுக்கிக்கொண்டு மோதும். தண்ணீர் குறைந்து வறண்டால் உராய்ந்து மோதும். கத்தினால் மோதலின் வேகம் கூடும். மண்வெட்டி பிடிப்பவர் கையில் காய்ப்புக் காய்க்கிற மாதிரி, மோதுகிற இடத்தில் சின்ன முடிச்சு விழும். ஆசிரியைகளுக்கு இது அதிகம் வருவதில் என்ன ஆச்சரியம்?

சுற்றிலும் சத்தம் கூடக்கூட நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்திருப்பீர்களே! லொம்பார் என்கிற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். வகுப்பறையில் பாடம் நடக்கும்போது பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் சொன்னது. நான் பேசிய அறையில் மின்விசிறிகள் மட்டுமே அதைத் தாண்டியிருக்கும். இதில், 'மெதுவாகப் பேசுங்கள்' என்று நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அமெரிக்காவில் ஐயோவா, யூட்டா மாநிலங்களில் ஆசிரியர்களையும் மற்ற வேலை பார்ப்பவர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார்கள். வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு வந்தவர்கள், ஆசிரியர்களில் 57.7 சதவீதம். மற்றவர்களில் 28.8 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு! போலந்து நாட்டில் ஆசிரியர்களின் நாட்பட்ட குரல் கோளாறைத் தொழில் நோயாகவே சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். நம் நாட்டுத் தொழில் நோய்ப் பட்டியலில் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருக்கிறது. இரைச்சலால் காது கேட்காமல் போவது இருக்கிறது. குரல் இல்லை.

எழுபது எப்படி வந்தது?

'ஆசிரியர் - மாணவர் விகிதம் சரியாகத்தானே இருக்கிறது, பேப்பரில் போடுகிறார்களே?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். மனுஷர் பெருமூச்சு விட்டார்.

1997-ல் வந்த அரசாணை, 40 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்குச் சொல்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8-ம் வகுப்பு வரை 35 பேருக்கு ஒருவர் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மேலும், விகிதம் என்பது பள்ளி முழுவதையும் கூட்டி வகுப்பது. பணியிடம் காலியாக இருந்தால், அந்தக் காலி இடத்துக்கு எதிரே இருக்கும் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பக்கத்து வகுப்புக்குத்தான். இந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் முந்தின மே மாதம் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஒப்புதல் வரவில்லை. பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவையும் 'பி' பிரிவையும் சேர்த்து ஒரே அறையில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்!

நம் மாநிலத்தில் 1991-92-க்குப் பிறகு தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடையாது. ஊர் பெருத்தது, மானியப் பள்ளி பெருக்கவில்லை. சம்பளம் கொடுக்க முடிந்த பள்ளிகள் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் சொற்பத் தொகைக்கு ஆள் வைத்துச் சமாளிக்கின்றன. முடியாத பள்ளிகள் பிரிவுகளைச் சேர்த்துவிடுகின்றன. 2024-25-ல் 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்ததைப் படித்திருப்பீர்கள். யார் சொல்வது நியாயம் என்கிற வழக்குக்குள் நான் போகவில்லை. மேலே ஒரு பூஜ்யம் குறைந்தால் கீழே ஒரு டீச்சரின் தொண்டையில் முடிச்சு விழுகிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மெட்ரிக் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள், 'இது நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். ஒரு தடவை வகுப்பறை வாசலில் நின்று தலையை எண்ணிப் பாருங்கள்.

லீவு போடலாமே என்றால்...

டிசம்பரில் டீச்சரைக் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பினேன். செப்டம்பரிலேயே அனுப்பியிருக்க வேண்டியது. மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தார். இரண்டு குரல் நாண்களிலும் எதிரெதிரே முடிச்சு. நல்ல வேளை, ஆரம்பக் கட்டம். 'அறுவை சிகிச்சை வேண்டாம், பேச்சுப் பயிற்சியும் ஓய்வும் போதும்' என்றார்.

ஓய்வு! அங்கேதான் சிக்கல். "மெடிக்கல் லீவு போடுங்க" என்றேன். டீச்சர் அழுதுவிட்டார். "நான் லீவு போட்டா என் எழுபத்திரண்டு பேரையும் பக்கத்து டீச்சர்தான் பாக்கணும் டாக்டர். அவங்களுக்கு ரெண்டு மாசம் முன்னாலதான் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சு."

அன்றைக்குக் கணவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர், "நாம வீட்ல என்ன பண்ணலாம் டாக்டர்?" என்று கேட்டார். ஆசிரியை இருக்கிற எல்லா வீட்டுக்காரர்களும் கேட்க வேண்டிய கேள்வி இது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் ஒரு மணி நேரம் அவரைப் பேச விடாதீர்கள். டி.வி.யை நிறுத்துங்கள். சமையலறையிலிருந்து, 'ஏங்க, பால் பொங்குது பாருங்க!' என்று அவர் கத்துகிற மாதிரி வைக்காமல் நீங்களே எழுந்து போங்கள். ஞாயிற்றுக்கிழமை தொண்டைக்கும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். ஆனால் ஒன்று. கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு அல்ல. அதிலும் குரல் நாண்கள் இறுகத்தான் செய்யும். பேசினால் சாதாரணமாக, மெதுவாகப் பேச வேண்டும். இல்லாவிட்டால் பேசவே கூடாது.

தண்ணீர்தான் முதல் மருந்து. சீரகம் போட்டுக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஒரு பாட்டில் பள்ளிக்குப் போகட்டும். ஒரே மூச்சில் குடிக்காமல் பீரியடுக்கு இரண்டு, மூன்று வாய். கழிப்பறைக்குப் போய்வரப் பத்து மணி வாக்கில் ஐந்து நிமிடம், மூன்று மணி வாக்கில் ஐந்து நிமிடம் என்று முறை வைத்து மாற்றி மாற்றி வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆசிரியைகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு எந்த அரசாணையும் தேவை இல்லை. டீச்சர் பள்ளியில் ஜனவரியிலிருந்து இதைச் செய்கிறார்கள். அந்த வருஷம் அவருக்கு அதன் பிறகு நீர்க்கடுப்பு வரவில்லை. வந்தால், நெருஞ்சில் குடிநீர் நல்ல மருந்து. ஆனால் குளிர் காய்ச்சல், இடுப்பின் பின்பக்க வலி, சிறுநீரில் ரத்தம் இதில் எது இருந்தாலும் கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்து டாக்டரைப் பாருங்கள்.

அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான். சிறு துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம். ஆனால் மாதக் கணக்கில் கூடாது. அதிலுள்ள கிளைசிரைசின் என்கிற பொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பி.பி., இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். 'நாட்டு மருந்துதானே, என்ன செய்யும்' என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காத பேச்சு. வேலை செய்கிற மருந்து எதுவும் தப்பாக எடுத்தால் கெடுதலும் செய்யும்.

சுரீரென்று குளிர்கிற புதினா மிட்டாய்களைச் சப்பிக்கொண்டு பாடம் எடுப்பதும் வேண்டாம். வலி தெரியாமல் போகும், காயம் தெரியாமல் கூடும். தொண்டையை 'க்க்கும்' என்று செருமுவது பலருக்குப் பழக்கம். செருமத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். உப்பு வெந்நீரில் கொப்பளிப்பது நல்லது. கடகடவென்று சத்தம் எழுப்பாமல் கொப்பளியுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு, மூன்று மணி நேரம் இருக்கட்டும். எதுக்களித்து வருகிற அமிலமும் குரலைக் கெடுக்கும்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், எந்த வைத்தியத்தில் இருந்தாலும், குரல் நாணைப் பார்க்கிற பரிசோதனை அவசியம். முடிச்சு, தைராய்டு, அபூர்வமாகப் புற்று... எதுவாகவும் இருக்கலாம். புகை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களும், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி உள்ளவர்களும் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இடுப்பில் மைக்!

அரையாண்டு விடுமுறையில் டீச்சர் நிஜமாகவே பேசாமல் இருந்தார். பேச்சுப் பயிற்சியும் நடந்தது. ஜனவரியில் கணவர் ஒரு காரியம் செய்தார். இடுப்பில் கட்டிக்கொள்கிற சின்ன ஒலிபெருக்கி, காதோரம் ஒரு மைக் வாங்கிக் கொடுத்தார். விலை ஒரு பட்டுப் புடவை அளவுகூட இல்லை. "என்ன டீச்சர், மேடைப் பேச்சா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கிண்டல் செய்தாராம். பையன்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் கடைசி பெஞ்சுக்காரன், "டீச்சர், இப்பதான் நீங்க சொல்றதே கேக்குது" என்றானாம். ஜூலையிலிருந்து அவன் கேட்டது என்ன என்று நினைத்துப் பாருங்கள்!

முடிச்சு சிறுத்திருக்கிறது. போய்விடவில்லை. மைக் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து புகாரும் வருகிறது. அது வியாதிக்கு மருந்து இல்லை, நொண்டிக்கு ஊன்றுகோல்.

மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு 1-ம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடங்களை நிர்ணயம் செய்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பரீட்சை முடிவு வந்த பிறகு, 'ஏன் மார்க் குறைவு?' என்று கேட்கத்தான் போகிறோம். ஜூலையிலேயே போய், 'எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? எந்தெந்தப் பிரிவைச் சேர்த்திருக்கிறீர்கள்? ஆசிரியைகளுக்குக் கழிப்பறை எத்தனை?' என்று கேட்டு, மாவட்டக் கல்வி அலுவலருக்குப் பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். பிள்ளையின் ட்யூஷன் செலவைவிட இது மலிவு. டீச்சரின் கணவர் தன் மகள் படிக்கிற வேறு பள்ளியில் அப்படி ஒரு மனு கொடுத்திருக்கிறார். மனைவியின் பள்ளியில் கொடுத்தால் மனைவிக்குச் சங்கடம் என்று பயம்.

போன வாரம் அதே பள்ளியிலிருந்து சமூக அறிவியல் சார் வந்தார். வயது ஐம்பத்தொன்று. டீச்சர்தான் அனுப்பியிருக்கிறார். நாடி பார்ப்பதற்கு முன்னால், "உங்க கிளாஸ்ல எத்தனை பேர் சார்?" என்று கேட்டேன். "அறுபத்தெட்டு" என்றார், காற்றுக் குரலில். எவ்வளவு நாளாக என்றேன். விரல்களைக் காட்டினார், ஆறு வாரம். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சூரணம் அப்புறம்.